பாட்டு நின்ற பதினாறு நாள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், பெட்ரோல் பங்கைத் தாண்டி இடதுபுறம் இரண்டாவது கடை முத்து பேக்கரி. காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும், சாமி படத்துக்கு ஊதுபத்தி வைப்பதற்கு முன்னாலேயே குப்பண்ணன் ஸ்பீக்கர் சுவிட்சைத் தட்டிவிடுவார். இன்ன பாட்டு என்று கிடையாது. முருகன் பாட்டு முடிந்து காதல் பாட்டு வரும், அதன் பின்னால் ஒரு மலையாளப் பாட்டு வரும், எது வந்தாலும் அவர் மாற்றமாட்டார். கடை சாத்தும்போது கடைசியாக அணைவதும் அதுதான். "எங்க ஊட்டுக்காரருக்குப் பாட்டுக் கிறுக்குங்க" என்று அவர் மனைவி முத்தாத்தாள் பப்ஸ் வாங்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி, ஊரே அதை நம்பியிருந்தது.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வாக்கில், தோள்பையோடு ஒருவன் வந்து உட்கார்ந்தான். முப்பது வயதிருக்கும். டீ குடித்தான், தேங்காய் பன் ஒன்று தின்றான், மேலே ஸ்பீக்கரை இரண்டு தரம் பார்த்தான். பிறகு எழுந்து வந்து பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான்.

"அண்ணாச்சி, என் பேரு ஜிபி. பீர்மேட்டுக்காரன், வேலை இங்க பாலக்காட்டுல. பாட்டு லைசென்ஸ் விசயமா வந்திருக்கேன்."

அந்தப் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர்தான். குப்பண்ணன் அந்தச் சொல்லிலேயே கொஞ்சம் தடுமாறிப்போனார். "பாட்டுக்கும் லைசென்ஸ் உண்டுங்களா தம்பி?"

"உண்டு அண்ணாச்சி. வீட்டுல போட்டுக் கேட்டா ஒண்ணும் இல்ல. வியாபாரம் நடக்குற எடத்துல, வர்ற ஆளுக காதுல விழுற மாதிரி போட்டா, அந்தப் பாட்டை எழுதுனவங்களுக்கும் மியூசிக் போட்டவங்களுக்கும் ஒரு தொகை போகணும். அதை வாங்கிக் கொடுக்குறதுதான் எங்க கம்பெனி."

"நாங்க பாட்டை விக்கறதில்லீங்களே. பன்னுத்தான விக்கறோம்."

"எல்லாக் கடையிலயும் இதையேதான் சொல்லுறாங்க" என்றான் ஜிபி. அதில் கிண்டல் எதுவும் இல்லை. நாற்காலிகளை எண்ணினான், பதினான்கு. கடையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்து ஒரு தாளில் எழுதினான். வருடத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. பதினைந்து நாள் டைம் என்றான்.

அடுப்பறையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முத்தாத்தாள் கையில் மாவோடு வெளியே வந்தாள். "அணைச்சுப்போட்டா ஒண்ணுமில்லீங்களா?"

"அணைச்சிட்டா ஒரு தொந்தரவும் இல்லக்கா."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி, வளைத்துச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். "ஆச்சுங்க தம்பி. பாட்டு இல்லாட்டிப் பன்னு வேகாதுங்களா?"

ஜிபி சிரித்துக்கொண்டே தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனான். முத்தாத்தாள் உள்ளே போனாள். கடையில் அப்போது ஆள் யாரும் இல்லை. குப்பண்ணன் பழம்பொரித் தட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அதற்குள் அது கேட்க ஆரம்பித்துவிட்டது.

வலது காதில் தொடங்கி மண்டைக்குள் பரவுகிற, மெலிசான, நீளமான ஒரு சத்தம். ஏறாது, இறங்காது, மூச்சு விடுவதற்குக்கூட நிற்காது. இருபத்திரண்டு வருசம் அவர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். மில் ஓடின வரைக்கும் எதுவும் தெரியவில்லை. மில்லை மூடி வீட்டில் வந்து உட்கார்ந்த இரண்டாவது மாதம், ஒரு மத்தியானம், யாரோ தூரத்தில் எதையோ அறுக்கிறார்கள் என்று நினைத்து வாசலுக்கு வந்து பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. கோயமுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் தனியாகப் போனார். நரம்பு தேய்ந்துவிட்டது, மருந்து கிடையாது, அமைதியான இடத்தில் உட்காராதீர்கள், பக்கத்தில் ஏதாவது சத்தம் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். மில்லில் வந்த பணத்தில் கடை வைத்தபோது, அவர் அடுப்பு வாங்குவதற்கு முன்பே ஸ்பீக்கர் வாங்கினதற்குக் காரணம் அதுதான். வீட்டில் மார்கழிக் குளிரிலும் டேபிள் ஃபேன் ஓடுவதற்கும் அதுதான்.

ஒன்பது வருசமாக இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய சித்தப்பன் நஞ்சப்பன் ஒருநாள் களத்தில் நின்றுகொண்டு, காதுக்குள்ள சத்தம் கேக்குது என்று சொன்னவர். அவருக்குக் கேட்டது யாரோ பேசுகிற சத்தம். அதற்குப் பிறகு அவரைக் கிறுக்கு நஞ்சப்பன் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள், பொண்ணு கொடுக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், கடைசியில் மாட்டுச்சாளையில் தூணோடு கட்டிப் போட்டார்கள். அப்போது குப்பண்ணனுக்கு எட்டு வயது. அந்தத் தூணுக்குச் சோறு கொண்டுபோனது அவர்தான். காதுக்குள் சத்தம் என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்தால், அந்தத் தூண்தான் முன்னால் வந்து நிற்கும்.

மறுநாள் காலையில் ரிட்டயர்டு வாத்தியார் மோகனசுந்தரம் வழக்கம்போலப் பேப்பரோடு வந்து உட்கார்ந்தார். பாதிப் பேப்பர் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "ஏனுங்க குப்பண்ணா, இன்னிக்குத்தான் கடை கடையாட்ட இருக்குது. நெம்ப நிம்மதியா இருக்குதுங்க."

யாராவது ஒருவர் பாட்டு எங்கே என்று கேட்பார், அதைச் சாக்காக வைத்துப் போட்டுவிடலாம் என்று குப்பண்ணன் காத்திருந்தார். மூன்று நாளில் ஒரே ஒரு லாட்டரி வியாபாரி கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போனார். ஒன்பது வருசம் ஓடின பாட்டு யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை.

புகை இழுக்கிற ஃபேனைச் சும்மா ஓடவிட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லாமல் கரண்ட் எதற்கு என்று முத்தாத்தாள் அணைத்தாள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அது பத்து நிமிசம் முனகும், பத்து நிமிசம் சும்மா இருக்கும், அந்தச் சும்மா இருக்கிற பத்து நிமிசம் முன்னைவிட மோசமாக இருந்தது. கல்லாவை விட்டு எழுவார், வாசலுக்குப் போவார், திரும்பி வந்து துடைத்த மேசையையே துடைப்பார். லாரி வரும் நேரம் பார்த்து ரோட்டோரம் போய் நிற்பதும் வழக்கமாகிவிட்டது. அப்படி நின்ற ஒரு நாளில் இரண்டு தட்டு ரஸ்க் கரியாகிப்போனது. தீய்ந்த தட்டை வெளியே கொண்டுவந்து காட்டினாள் முத்தாத்தாள். "பஸ்ஸுக்கு நிக்கறவனாட்ட அங்க என்னுங்க வேடிக்கை? அடுப்புல வெச்சது மறந்துபோச்சுங்களா?"

"காத்தாட நின்னேன்."

"உள்ள ஃபேன் இருக்குதல்லங்க."

ஆறாவது நாள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு செல்போனில் பாட்டுக் கேட்டுப் பார்த்தார். அப்பாடா என்று இருந்தது. முக்கால் மணி நேரம் கை தானாக வேலை செய்தது. பூ விற்கிற கமலாத்தாள் வந்து டீ கேட்டாள். கிழவிக்குச் சர்க்கரை வியாதி. சக்கரை போடாதே என்று மூன்று தரம் சொல்லியிருக்கிறாள். குப்பண்ணன் இரண்டு கரண்டி போட்டு ஆற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் அப்படியே ரோட்டில் துப்பினாள்.

"கத்திக் கத்திச் சொல்றேன், இந்த மனுசன் காதுல ஒயரச் சொருகிட்டு நிக்கறான். என்னையக் கொண்டுபோய்ச் சேத்தறதுன்னு முடிவு பண்ணிட்டியா கண்ணு?"

அன்றோடு அந்த ஒயரும் போயிற்று. முத்தாத்தாள் அதை எடுத்து எங்கே வைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

பதினோராவது நாள், மைதா மூட்டைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினார். பஸ் இன்ஜின் சத்தத்தில், ஜன்னலில் தலையைச் சாய்த்து, பத்து நாள் அலுப்புத் தீரத் தூங்கினார். ஸ்டாண்டில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது. அட்டையிலிருந்த விலாசம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. இரண்டு மேசை, ஒரு அலமாரி. ஜிபி மட்டும் இருந்தான். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான்.

"வாங்க அண்ணாச்சி. பணம் கட்ட வந்தீங்களா?"

"இல்லீங்க தம்பி. நீங்க சாப்புடுங்க. ஒண்ணு கேக்கோணும்." நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "கடைல போடற பாட்டு வர்றவங்களுக்கு இல்லீன்னா? வேற ஒருத்தருக்குன்னா?"

"வேற யாருக்கு?"

குப்பண்ணன் ஜன்னலைப் பார்த்தார். கீழே ஆட்டோக்களின் ஹாரன். அந்தச் சத்தம் இருந்ததால்தானோ என்னவோ, வார்த்தை வந்துவிட்டது. மில்லில் ஆரம்பித்து கமலாத்தாள் டீ வரைக்கும் சொன்னார். சித்தப்பனை மட்டும் விட்டுவிட்டார்.

ஜிபி பொட்டலத்தை மூடி வைத்தான். "மழைச் சத்தம், ஆத்துச் சத்தம் அப்படின்னு போன்ல இருக்கே, அது போட்டுப் பாத்தீங்களா? அதுல சிலதுக்கு லைசென்ஸ் கேக்கமாட்டாங்க."

"போட்டனுங்க. மழை போட்டா மணிக்கு நாலு தரம் ஒண்ணுக்கு வருது. கடைக்கு வந்தவரு ஒருத்தரு ஓடு ஒழுகுதான்னு மேல பாக்கறாரு. நமக்குப் பாட்டுத்தானுங்க சேருது. அதுல ஏத்தம் எறக்கம் இருக்குது. மனசு அதும்பின்னாடி போயிருது."

ஜிபி பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: "எங்கப்பா தேயிலைப் பேக்டரில ரோலர் மிசின்ல இருந்தவர். டிவிய அடுத்த லயத்து வீடுக வரைக்கும் கேக்குற மாதிரி வப்பாரு. நாங்க எல்லாரும் ஏசுவோம். அம்மா ரிமோட்ட எடுத்து ஒளிச்சு வச்சிரும். அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு, எந்திரிச்சு வெளிய போயிருவாரு." அவன் விரலால் மேசையைத் தேய்த்தான். "நான் அவர்ட்ட ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல."

"கேளுங்க தம்பி" என்றார் குப்பண்ணன்.

"சட்டத்துல அண்ணாச்சி, நீங்க யாருக்காகப் போடுறீங்கன்னு இல்ல. அடுத்தவன் காதுல விழுதான்னுதான் பாப்பாங்க. நான் வேற மாதிரி எழுதிக் கொடுத்தா, நாளைக்கு வேற ஒருத்தன் வந்து உங்களப் பிடிப்பான். ரெண்டு தவணையாக் கட்டலாம், அத வேணா நான் பேசுறேன்."

"பணத்துக்கு இல்லீங்க. கட்டிரலாம். எதுக்குக் கட்டறோம்னு ஊட்ல கேப்பாளே."

"இப்ப என்கிட்ட சொன்னதையே அவங்ககிட்டயும் சொல்லிர வேண்டியதுதான?"

குப்பண்ணன் எழுந்தார். அன்று சாயங்காலம் கடைக்கு வந்ததும் முத்தாத்தாள், "மைதா சொல்லியாச்சுங்களா?" என்று கேட்டாள். மைதாவை அவர் அடியோடு மறந்திருந்தார். நாளைக்கு வரும் என்றார். மறுநாள் வரவில்லை. அதற்கு ஒரு சண்டை நடந்தது.

பதினாறாவது நாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஜிபி வந்தான். பஸ் எதுவும் இல்லாத நேரம், கடை காலி. குப்பண்ணன் கல்லாவிலிருந்து எழுந்தார். அவன் ஏதாவது உளறிவிடுவானோ என்று அவன் முகத்தையே பார்த்தார். ஜிபி அவரைத் தெரிந்தவன் மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தான்.

"அக்கா, இது லைசென்ஸ் வேணும்னு கேக்குற அபேட்சை. இன்னொண்ணு, கடையில பாட்டுப் போடுறதில்ல, இனியும் போடமாட்டோம்னு எழுதிக் கொடுக்குற சத்தியவாங்மூலம். ஏதாவது ஒண்ணுல கையெழுத்துப் போட்டாப் போதும்."

முத்தாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டாவதுதானுங்க தம்பி. பதினாறு நாளா ஒயரு ஆணில தொங்குது, நீங்களே பாருங்க. ஏனுங்க, அதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

குப்பண்ணன் பேனாவை வாங்கினார். தாளை நேராக வைத்தார். மலையாளத்தில் நாலு வரி, கீழே கோடு. மறுபடி தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். காதுக்குள் அது நீளமாக இழுத்துக்கொண்டே இருந்தது. இனியும் போடமாட்டோம் என்கிற இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. இனி என்றால் எத்தனை வருசம் என்று மனசு கணக்குப் போட்டது. அவருடைய அப்பா எண்பத்தொரு வயது வரைக்கும் இருந்தார்.

"போடுங்க, அடுப்புல வேலை கெடக்குது" என்றாள் முத்தாத்தாள்.

"என்னால முடியாது புள்ள."

"என்ன முடியாது?"

"பாட்டு இல்லாம இருக்க முடியாது. அது எனக்கு." பேனாவைக் கீழே வைத்தார். "மில்லுல இருந்து வந்ததுல இருந்து காதுக்குள்ள ஒரு சத்தம். ராவும் பகலும். பாட்டு ஓடுனா அது அடங்குது. டாக்டருகிட்டக் காமிச்சாச்சு, மருந்து இல்லீன்னுட்டாரு. பேச்சுச் சத்தமில்ல புள்ள. யாரும் எங்கிட்டப் பேசறதில்ல. வெறும் சத்தம்தான். நான் நஞ்சப்பச் சித்தப்பனாட்ட இல்ல."

கடைசி இரண்டு வாக்கியங்களை அவர் வேகமாகச் சொன்னார். முத்தாத்தாள் முதலில் அவரைப் பார்த்தாள், அப்புறம் ஜிபியைப் பார்த்தாள். ஜிபி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தம்பிக்குத் தெரியுமா?"

"போன வாரம் சொன்னேன்."

"மைதாவுக்குப் போன அன்னிக்கா."

"ஆமா."

அவள் அடுப்பறைக்குள் போனாள். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. அடுக்கினவற்றை மறுபடி எடுத்து அடுக்குகிறாள் என்று குப்பண்ணனுக்குத் தெரிந்தது. ஜிபி போகலாமா என்பதுபோலப் பையைத் தொட்டான்; குப்பண்ணன் தலையை ஆட்டி இருக்கச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. "ஒம்போது வருசமா நான் ஒரு தரம் கூப்புட்டு நீங்க திரும்புனதில்ல. வேணும்னே கேக்காதவராட்ட இருக்கறீங்கன்னு நெனச்சேன். கடைல என்ர பேச்சுக்கு மதிப்பில்லீன்னு எங்கண்ணன் ஊட்ல போய் அழுதுருக்கேன், தெரியுமுங்களா? அந்தப் பாட்டு மேல எனக்கு அத்தன கோவம். அது வந்து நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கிச்சுன்னு நெனச்சேன். அன்னிக்கு ஒயரப் புடுங்குனப்ப எவ்வளவு சந்தோசம்னு உங்களுக்குத் தெரியாது."

"சொல்லியிருக்கோணும்" என்றார் குப்பண்ணன்.

"சொல்லியிருக்கோணுமுங்க. என்னைய அந்த நஞ்சப்பரைக் கட்டிவெச்ச கூட்டத்துல சேத்துட்டீங்களே."

முத்தாத்தாள் மேசையிலிருந்த இரண்டாவது தாளை எடுத்து நாலாக மடித்து ஜிபியின் கையில் கொடுத்தாள். முதல் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "இதுக்கு எத்தனன்னு சொன்னீங்க தம்பி? ரெண்டு தடவையாக் கட்டலாமுங்களா?"

"கட்டலாம்க்கா. கடை உங்க பேர்லயா, அண்ணாச்சி பேர்லயா?"

"என்ர பேர்ல" என்றாள். அவளே கையெழுத்துப் போட்டாள். கல்லாவைத் திறந்து முதல் தவணையை எண்ணிக் கொடுத்தாள். ஜிபி ரசீது எழுதினான், கண்ணாடியில் ஒட்டச் சொல்லி ஒரு தாளும் கொடுத்தான். டீ வேண்டாம் என்றவனை அவள் விடவில்லை, உட்காரவைத்துக் கொடுத்தாள். போகும்போது அவன் வாசலில் நின்று, "ஓணத்துக்கு ஊருக்குப் போறேன் அண்ணாச்சி" என்றான். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

குப்பண்ணன் ஸ்டூலை இழுத்தார். ஆணியில் இருந்த ஒயரை எடுக்கக் கையை நீட்டினார்.

"சித்தெ இருங்க" என்றாள் முத்தாத்தாள். "இன்னும் போடாதீங்க."

அவர் ஸ்டூலில் நின்றபடியே திரும்பினார்.

"எப்புடி இருக்கும் அது?"

"எது?"

"அந்தச் சத்தம். எனக்குக் கேக்கோணும்."

"அது எப்புடிப் புள்ள உனக்குக் கேக்கும்?"

"எதாட்ட இருக்கும்னு சொல்லுங்க." அவள் டீக் கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டினாள். "இப்புடியா?"

"இல்ல. அது நின்னுபோயிருது. இது நிக்காது."

பிரிட்ஜைக் காட்டினாள். அது தடிமன் என்றார் அவர், இது நூலாட்டம். டியூப்லைட்டைப் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றாள். அவரும் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்று அண்ணாந்து கேட்டார். இல்லை, அதைவிட உசரம். பல்லை இறுக்கி ஸ்ஸ் என்று மூச்சு விட்டுப் பார்த்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. உள்ளே போய் ரஸ்க் அறுக்கிற கத்தியைக் கொண்டுவந்து, தகரத் தட்டின் விளிம்பில் மெதுவாக, நீளமாக இழுத்தாள்.

குப்பண்ணன் கண்ணை மூடினார். "அதுல பாதி" என்றார். "இன்னும் மெலிசா."

அவள் கத்தியைத் திருப்பிப் பிடித்து மறுபடி இழுத்தாள். இந்தத் தரம் அவளுக்கே பல் கூசி, உடம்பு ஒருதரம் சிலிர்த்து அடங்கியது. கத்தியையும் தட்டையும் மேசையில் வைத்தாள்.

"இதுவா, நாள் பூராவும்?"

"கிட்டத்தட்ட."

வெளியே மூன்றரை மணி பஸ் வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கிக் கடைப்பக்கம் வந்தார்கள். முதலில் வந்தவர் இரண்டு டீ, ஒன்று ஸ்ட்ராங் என்றார். முத்தாத்தாள் பாலை அடுப்பில் ஏற்றினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரண்டிக் காம்பால் பால் பாத்திரத்தின் மூடியை லேசாகச் சுரண்டி, திரும்பிக் குப்பண்ணனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், இல்லை. அவள் பாத்திரத்தின் அடியில் ஒருதரம் சுரண்டினாள்.